கார் ஒடுக்கு: பள்ளத்தை இழுத்தால் மட்டும் போதுமா?

பார்க்கிங்கில் பக்கத்துக் காரின் கதவு இடித்தது, தெருவில் விளையாடிய பையன்களின் பந்து பட்டது, தென்னை மட்டை விழுந்தது என்று காரில் ஒடுக்கு விழ எத்தனையோ காரணம். விழுந்த அன்றைக்கே யோசனைகளும் வர ஆரம்பித்துவிடும். வெந்நீர் ஊற்று என்பார் ஒருவர். ஹேர் டிரையரில் சூடு காட்டி உடனே ஐஸ் வை என்பார் இன்னொருவர். பாத்ரூம் அடைப்பு எடுக்கும் ரப்பர் கப்பை ஒட்டி இழுத்தால் வந்துவிடும் என்று வீடியோவும் வரும்.

இவை எல்லாமே ஏதோ ஒரு காரில், ஏதோ ஒரு ஒடுக்கில் வேலை செய்தவைதான். எந்த மாதிரி ஒடுக்கில் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. அதனால் பிளாஸ்டிக் பம்பருக்கான வைத்தியத்தை இரும்புக் கதவுக்குச் செய்து, பெயிண்டையும் கெடுத்துக்கொண்டு டிங்கரிங் பட்டறைக்குப் போகிறவர்கள் நிறைய. தகடு ஒடுங்கும்போது அதற்குள் என்ன நடக்கிறது என்று ஒருமுறை புரிந்துவிட்டால், எதை வீட்டில் எடுக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது என்பதை நீங்களே பார்த்துச் சொல்லிவிடலாம்.

## எண்ணெய் டின்னை அமுக்கிப் பாருங்கள்

15 கிலோ எண்ணெய் டின் பல வீடுகளில் அரிசி போட்டு வைக்க இருக்கும். காலி டின்னின் அகலமான பக்கத்தை உள்ளங்கையால் மெல்ல அமுக்குங்கள். 'டொக்' என்று உள்ளே போகும். கையை எடுத்தால் தானாக வெளியே வரும். சில சமயம் உள்ளேயே நின்றுவிடும், ஓரத்தில் லேசாக ஒரு தட்டு தட்டினால் மறுபடி 'டொக்' என்று திரும்பிவிடும். தகட்டில் ஒரு தழும்பும் இருக்காது.

இப்போது அதே இடத்தில் ஓங்கி ஒரு குத்து விடுங்கள். பள்ளம் நின்றுவிடும். டின்னுக்குள் கையை விட்டுத் தள்ளினால் பெரும்பகுதி வெளியே வந்துவிடும். ஆனால் பள்ளம் இருந்த இடத்தைச் சுற்றி, வளைவாக ஒரு மடிப்புக் கோடு மட்டும் போகாது. அந்தக் கோட்டை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் லேசாக மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் தட்டுப்படும். ஒடுக்கு எடுக்கும் வேலையில் பாதிப் பாடம் அந்தக் கோட்டில் இருக்கிறது.

## தகட்டுக்குள் நடப்பது

காரின் வெளித்தகடு பெரும்பாலும் இரும்பு, அதாவது ஸ்டீல். தடிமன் சுமார் 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர்தான். இந்தத் தகட்டை ஓரளவு வரை வளைத்தால், விசை நீங்கியதும் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். இந்தக் குணத்துக்குப் பெயர் மீள்தன்மை. டின் 'டொக்' என்று போய் வந்தது இதனால்தான். அந்த எல்லையைத் தாண்டி வளைத்தால், உலோகத்துக்குள் அணுக்களின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் புது இடத்தில் உட்கார்ந்துவிடும். பிறகு விசையை எடுத்தாலும் திரும்பாது. இதை நிலைத்த வளைவு என்று வைத்துக்கொள்வோம்.

பெரும்பாலான ஒடுக்குகளில் இந்த இரண்டும் கலந்தே இருக்கும். பள்ளத்தின் நடுப்பகுதி பெரிதாகத் தெரிந்தாலும், பல நேரம் அது மீள்தன்மை எல்லைக்குள்ளேயே இருக்கிறது. விட்டால் தானே திரும்பி வந்துவிடும். சுற்றியிருக்கும் ஓரம்தான் அதை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. தகடு கூராக மடங்கிய இடம் அது, அங்கேதான் வளைவு நிலைத்துப்போயிருக்கிறது. நம் கண் என்னவோ நடுப்பள்ளத்துக்கே போகிறது. அதைப் பார்த்து நடுவை மட்டும் இழுக்கிறோம். ஓரத்தின் பிடி தளராமல் நடு முழுசாக எழாது.

இன்னொரு விஷயம், மடங்கிய இடம் முன்பைவிடக் கெட்டியாகிவிடும். ஒரு கம்பியை ஒருமுறை வளைத்துவிட்டு, அதே இடத்தில் நிமிர்த்தப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வளைந்த இடம் அப்படியே நிற்க, அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வளைவு வரும். கார் தகட்டிலும் இதுதான் நடக்கிறது. பலம் போட்டு இழுத்தால் பழைய மடிப்பு அசையாது, அதற்குப் பக்கத்தில் இளகலாக இருக்கும் இடம் மேடாகக் கிளம்பும். ஒரு பள்ளம் இருந்த இடத்தில் ஒரு பள்ளமும் இரண்டு மேடும் ஆகிவிடும்.

மூன்றாவதாக, தகடு இழுபடுவது. பைக்கின் ஹேண்டில் முனை, தூணின் கூர்மையான விளிம்பு மாதிரி ஏதாவது குத்தினால், தகடு வளைவதோடு நிற்காது. அந்த இடம் இழுபட்டு, மெலிந்து, பரப்பு கூடிவிடும். கூடின பரப்புக்குத் திரும்பிப் போக இடம் கிடையாது. அதை எவ்வளவு நேர்த்தியாக வெளியே தள்ளினாலும், வீங்கி நிற்கும், இல்லையென்றால் தொட்டால் டின் மாதிரி உள்ளே வெளியே ஆடிக்கொண்டிருக்கும்.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியது: நடுப்பள்ளம் பெரும்பாலும் மீளக் கூடியது, ஓரத்து மடிப்பு நிலைத்துப்போனது, கூராகக் குத்திய இடம் இழுபட்டது. வீட்டில் சரி செய்ய முடிவது முதல் வகை முழுதும், இரண்டாவது வகையில் கொஞ்சமும். மூன்றாவது வகையை டிங்கரிடம் விட்டுவிடுவதே நல்லது.

## டியூப் லைட்டை வைத்து ஒடுக்கைப் படிப்பது

எதையும் கையில் எடுக்கும் முன் ஒடுக்கு எந்த வகை என்று பார்க்க வேண்டும். தகட்டை நேராகப் பார்த்தால் எதுவும் தெரியாது. அந்த இடத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, ஒரு டியூப் லைட்டின் பிம்பம் தகட்டில் விழும்படி காரை நிறுத்துங்கள். நீங்கள் பக்கவாட்டில் குனிந்து, பெயிண்டைப் பார்க்காமல் பிம்பத்தை மட்டும் பாருங்கள். நல்ல தகட்டில் வெளிச்சக் கோடு நேராக ஓடும். ஒடுக்கில் அது உள்வாங்கி வளையும், பிறகு மேடு வரும் இடத்தில் எதிர்ப்பக்கம் நெளியும். தலையை இப்படி அப்படி அசைத்தால் கோடு ஒடுக்கின் மேல் நகர்ந்து, மேடு எது பள்ளம் எது என்று வரைபடம் போட்டுக் காட்டிவிடும்.

கோடு மெதுவாக, அகலமாக வளைந்தால் நல்ல செய்தி. ஓரிடத்தில் வெட்டினாற்போல் உடைந்தால் அங்கே கூரான மடிப்பு இருக்கிறது. பி.டி.ஆர் என்று சொல்லப்படும், பெயிண்ட் அடிக்காமலே ஒடுக்கு எடுக்கும் தொழில் செய்பவர்கள் கோடு போட்ட விளக்குப் பலகை ஒன்றைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு வேலை செய்வது இதற்காகத்தான். அவர்கள் நம்புவது அந்தப் பிம்பத்தை. இந்தப் பார்வை பழகாமல் கருவி வாங்குவது வீண் செலவு என்பது என் உறுதியான எண்ணம்.

## வெந்நீரும் ஐஸும்

வெந்நீர் வைத்தியம் உண்மைதான், ஆனால் பம்பருக்கு மட்டும். இன்றைய கார்களின் பம்பர் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன் வகை பிளாஸ்டிக். சூடு பட்டால் இளகும் பிளாஸ்டிக் இது. கொதித்து இறக்கிய நீரை ஊற்றினால் உருகாது, ஆனால் விறைப்பு குறைந்து, வார்த்தபோது இருந்த வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். பின்பக்கம் கை போகும் இடமாக இருந்தால், தடிமனான கையுறை போட்டுக்கொண்டு மெல்லத் தள்ளினால் எழுந்துவிடும். வடிவம் வந்ததும் குளிர்ந்த நீர் ஊற்றினால் அப்படியே இறுகும். கூராக மடங்கிய இடத்தில் மட்டும் ஒரு கோடு மிச்சம் நிற்கலாம்.

இரும்புக் கதவில் இது நடக்காது. 1 மீட்டர் இரும்பு 1 டிகிரி சூடானால் 0.012 மில்லிமீட்டர் நீளும். 30 சென்டிமீட்டர் அகல இடத்தை 60 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால்கூட நீட்சி சுமார் 0.2 மில்லிமீட்டர்தான். ஆறினால் அதுவும் போய்விடும். இந்தக் கொஞ்ச அசைவு, நிலைத்துப்போன மடிப்பை ஒன்றும் செய்யாது.

கணக்கு வேண்டாம் என்பவர்கள் சித்திரை வெயிலை நினைத்துப் பாருங்கள். வெட்டவெளியில் நிற்கும் கறுப்புக் காரின் தகடு 60 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், கை வைக்க முடியாது. சாயங்காலம் திடீரென்று கோடை மழை கொட்டும். சூடு காட்டி உடனே குளிர வைப்பது என்று வீடியோவில் செய்வதை வானம் ஒவ்வொரு கோடையிலும் செய்துகொண்டுதான் இருக்கிறது. ஒடுக்கு விழுந்த கார்கள் அப்படியேதான் நிற்கின்றன.

சில வீடியோக்களில் நிஜமாகவே எழுகிறதே என்றால், அவை டின் 'டொக்' என்ற வகை. ஓரத்தில் மடிப்பே இல்லாமல், அகலமாக உள்ளே போய் நின்ற தகடு. அதற்குச் சிறு அசைவு போதும். உள்ளேயிருந்து உள்ளங்கையால் அமுக்கியிருந்தாலும் வந்திருக்கும்.

சூட்டுக்கு இரும்புத் தகட்டிலும் ஒரு வேலை உண்டு. பெயிண்ட் குளிர்ந்திருந்தால் விறைப்பாக இருந்து வெடிக்கும், வெதுவெதுப்பாக இருந்தால் தகட்டோடு சேர்ந்து வளைந்து கொடுக்கும். அதனால் கையால் தொட்டால் இதமாகத் தெரியும் அளவு சூடு காட்டிக்கொண்டு வேலை செய்வது நல்லது. சென்னையிலும் மதுரையிலும் வருஷத்தில் பெரும்பாலான நாள் வெயிலே இதைப் பார்த்துக்கொள்ளும். ஊட்டியில் மார்கழிக் காலையில் ஆரம்பிக்க வேண்டாம்.

## ரப்பர் கப் எதற்கு ஆகும்

ரப்பர் கப்பை ஒட்டி இழுக்கும்போது நமக்குத் துணையாக இருப்பது காற்றின் அழுத்தம். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் காற்று ஏறக்குறைய 1 கிலோ எடை அளவுக்கு அழுத்துகிறது. 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள கப்பின் அடியில் காற்றை முழுக்க வெளியேற்ற முடிந்தால், சுமார் 80 கிலோ வரை பிடிக்கும். வீட்டுக் கப்பில் அதில் ஒரு பங்குதான் கிடைக்கும், ஆனாலும் குறைவில்லை.

அப்படியானால் ஏன் வராமல் போகிறது? கப் அகலமானது. அது அகலமான பரப்பைத்தான் இழுக்கும், 1 சென்டிமீட்டர்கூட இல்லாத மடிப்பை அதால் தனியாகப் பிடிக்க முடியாது. ஆகவே பெரிய, ஆழமில்லாத, வழவழப்பான ஒடுக்குக்குக் கப் அருமையான கருவி. பக்கத்துக் கதவு இடித்த ஐந்து ரூபாய் நாணய அளவு ஒடுக்குக்கு அது பிரயோஜனப்படாது. கப்பின் விளிம்பில் தண்ணீர் தடவி ஒட்டுங்கள். மண் துகள் ஒன்று அடியில் மாட்டியிருந்தாலும் பெயிண்டில் வட்டமாகக் கீறல் விழும், அதனால் கழுவாமல் ஒட்டக் கூடாது.

## பசை வைத்து இழுப்பதும் மேட்டைத் தட்டுவதும்

சின்ன ஒடுக்குக்கு வீட்டில் செய்யக்கூடிய முறைகளில் எனக்கு நம்பிக்கை உள்ளது இதுதான். இதற்கான கருவிப்பெட்டி ஆன்லைனில் கிடைக்கிறது. தட்டையான தலை கொண்ட சின்னச் சின்ன பிளாஸ்டிக் துண்டுகள், சூடாக்கி உருக்கும் பசைத் துப்பாக்கி, இரண்டு கால் ஊன்றி நடுவில் திருகி இழுக்கும் ஒரு பாலம், நைலான் முனை உள்ள குச்சி ஆகியவை இருக்கும். தனியாக ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒரு பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தகட்டை ஆல்கஹாலால் துடைத்து மெழுகும் எண்ணெயும் இல்லாமல் செய்யுங்கள். பிளாஸ்டிக் துண்டின் தலையில் பசை வைத்துப் பள்ளத்தில் ஒட்டி, பசை லேசான சூட்டுக்கு ஆறும்வரை விடுங்கள். பிறகு பாலத்தை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். ஒரே இழுப்பில் எடுத்துவிட நினைத்தால் நடுவில் கூரான மேடு ஒன்று கிளம்பும், அதை இறக்குவது பள்ளத்தை எடுப்பதைவிடச் சிரமம். பசை விட்டதும் மிச்சமிருப்பதைக் கத்தியால் சுரண்டக் கூடாது. ஓரத்தில் ஆல்கஹால் விட்டால் தானாகப் பெயர்ந்துவிடும்.

ஒன்றிரண்டு இழுப்புக்குப் பிறகு மறுபடி டியூப் லைட் பிம்பத்தைப் பாருங்கள். பள்ளம் குறைந்திருக்கும், ஆனால் சுற்றி மேடு ஒன்று தெளிவாகத் தெரியும். அந்த ஓரத்தின் பிடியைத் தளர்த்தும் நேரம் இதுதான். நைலான் குச்சியின் முனையை மேட்டின் மேல் வைத்து, சின்னச் சுத்தியலால் மெல்ல, நிறையத் தடவை தட்டுங்கள். மேடு இறங்க இறங்க, நடுப்பள்ளம் தானாகவே கொஞ்சம் எழுவதைப் பிம்பத்தில் பார்க்கலாம். முதல் தடவை பார்க்கும்போது ஆச்சரியமாக இருக்கும். யாரும் தொடாத இடம் எழுகிறது, ஏனென்றால் அது இவ்வளவு நேரமும் எழத்தான் காத்திருந்தது. அப்புறம் மறுபடி ஓர் இழுப்பு, மறுபடி தட்டு. இப்படி மாற்றி மாற்றித்தான் போக வேண்டும்.

போனட், டிக்கி மூடி போன்ற இடங்களில் பின்பக்கம் கை போகும். அங்கே பசை இல்லாமல், பின்னாலிருந்து மழுங்கிய முனையால் அமுக்கியும் எடுக்கலாம். நடுவில் ஒரேயடியாக அமுக்காமல், பள்ளத்தின் வெளியோரத்தில் தொடங்கிச் சிறு அமுக்கலாக உள்நோக்கி வாருங்கள்.

ஆக, இழுப்பது பாதி வேலை, மேட்டை இறக்குவது மீதி. பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும்.

## பெயிண்ட் தாங்குமா

கம்பெனிப் பெயிண்ட் என்பது ஒரே பூச்சு கிடையாது. துருப்பிடிக்காமல் காக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் ப்ரைமர், பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். மொத்தமும் சேர்ந்து சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். ஆனாலும் ஃபாக்டரியில் சூடேற்றி இறுக வைத்தது என்பதால் தகட்டை நன்றாகப் பிடித்திருக்கும், பசை இழுப்பைத் தாங்கும்.

ஒருமுறை பட்டறையில் மறுபெயிண்ட் அடித்த தகடு அப்படிக் கிடையாது. பசையோடு பெயிண்டும் தோல் மாதிரி உரிந்து வரலாம். பழைய கார் வாங்கியிருந்தால் முதலில் அதைச் சோதியுங்கள். கதவு ரப்பர் பீடிங்கில் பெயிண்ட் சிதறல் இருக்கிறதா, பக்கத்துத் தகட்டோடு மினுமினுப்பு ஒத்துப்போகிறதா, காந்தம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஒட்டுகிறதா என்று பாருங்கள்.

ஒடுக்கில் பெயிண்ட் ஏற்கெனவே வெடித்து இரும்பு தெரிந்தால், அதை எடுக்கும் வரைக்கும் காத்திருக்காதீர்கள். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றில் சில நாளிலேயே பழுப்பு நிறம் காட்டும். உங்கள் காரின் நிறக் குறியீடு கதவு ஓரத்திலோ போனட்டுக்கு அடியிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பெரும்பாலும் இருக்கும். அதைச் சொல்லி டச்-அப் பெயிண்ட் வாங்கி வைத்தால் துரு அடியில் பரவாது.

## கை வைக்கக் கூடாத இடங்கள்

கண்ணாடிகளுக்கு இடையே கூரையைத் தாங்கி நிற்கும் தூண்கள் சாதாரணத் தகடு கிடையாது. விபத்தில் உயிர் காக்க என்றே மிக உறுதியான ஸ்டீலில் செய்தவை. அங்கே அடி பட்டிருந்தால் சூடு காட்டுவதும் கூடாது, தட்டுவதும் கூடாது. கதவுத் தகட்டின் நீளத்துக்கு ஓடும் அலங்காரக் கோடு, கதவின் விளிம்பு, சக்கரத்துக்கு மேல் உள்ள வளைவின் ஓரம் ஆகிய இடங்களில் தகடு ஏற்கெனவே மடக்கப்பட்டு விறைப்பாக இருக்கிறது. அங்கே விழுந்த ஒடுக்கு நல்ல தொழில்காரருக்கே சவால்.

சில கார்களில் போனட் அலுமினியம். காந்தம் ஒட்டாது. அலுமினியம் இரும்பு அளவுக்கு மீளாது, சீக்கிரம் கெட்டியாகி விரிசல் விடும். கதவுக்குள் ஏர்பேக் சென்சார் இருக்கும் கார்களும் உண்டு, அதனால் கதவின் உள்பக்க மூடியான டிரிம்மைக் கழற்றிப் பழக்கமில்லாதவர்கள் கதவைப் பிரிக்க வேண்டாம். பம்பருக்குப் பின்னால் ரேடார் உள்ள கார்களில் அந்த இடத்தில் பட்டியோ (பள்ளத்தை நிரப்பும் களிம்பு) கனமான பெயிண்டோ ஏறினால் ரேடார் தவறாகப் படிக்கும்.

## பட்டி போடுவது தப்பா

பட்டி என்றாலே ஏமாற்று வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அது நியாயமில்லை. இழுபட்டுப்போன தகட்டை முடிந்தவரை தட்டி நிமிர்த்திவிட்டு, மிச்சமிருக்கும் சிறு மேடு பள்ளத்தைச் சமன் செய்யத்தான் பட்டி. பாலியஸ்டர் பசையில் மாவு கலந்த களிம்பு அது. சுமார் 2 சதவீதம் ஹார்டனர் சேர்த்ததும் சில நிமிஷத்தில் இறுகிவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ப்ரைமர் அடித்து, பெயிண்ட் அடிப்பார்கள்.

தப்பு எங்கே வருகிறது என்றால், தகட்டை நிமிர்த்தாமல் பள்ளத்தை அப்படியே பட்டியால் நிரப்பும்போது. 3 மில்லிமீட்டருக்கு மேல் போனால் நாளடைவில் வெடிக்கும். பட்டி ஈரத்தை உறிஞ்சும், ப்ரைமர் போடாமல் விட்டால் அடியில் துரு பிடிக்கும். பட்டறையில் விடும்போது தகட்டை எவ்வளவு நிமிர்த்துவீர்கள், பட்டி எவ்வளவு தடிமன் வரும் என்று கேளுங்கள். நல்ல டிங்கர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், தடவிக் காட்டிப் பதில் சொல்வார்.

## இன்சூரன்ஸில் கேட்கலாமா

சின்ன ஒடுக்குக்கு க்ளெய்ம் போடும் முன் கணக்குப் போடுங்கள். ஐந்து வருஷம் க்ளெய்ம் இல்லாமல் இருந்தால் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் போனஸ் தள்ளுபடி. ஒரு க்ளெய்ம் போட்டால் அடுத்த புதுப்பிப்பில் அது பூஜ்யம் ஆகி, பிறகு 20, 25, 35, 45 என்று ஏறித்தான் 50-க்கு வரும். போனஸைக் காப்பாற்றும் கூடுதல் பாதுகாப்பு வாங்கியிருந்தால் மட்டும் விதிவிலக்கு.

தள்ளுபடிக்கு முன் அந்தப் பிரீமியம் 10,000 ரூபாய், அது மாறாமல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 50 சதவீதத்தில் இருந்தவர் ஒரு க்ளெய்ம் போட்டால் அடுத்த ஐந்து புதுப்பிப்புகளில் மொத்தம் 12,500 ரூபாய் கூடுதலாகக் கட்ட நேரும். பட்டறைச் செலவு 3,000 ரூபாய் என்றால், 1,500 சிசி வரையுள்ள கார்களுக்குக் கட்டாயமாக நம் கையிலிருந்து போகும் 1,000 ரூபாயைக் கழித்து 2,000 ரூபாய்தான் கிடைக்கும். கதவையே மாற்ற வேண்டிய அடி என்றால் நிலைமை வேறு, அப்போது தயங்காமல் க்ளெய்ம் போடுங்கள்.

வீட்டிலேயே எடுப்பது என்று முடிவு செய்தாலும், கை வைக்கும் முன் நல்ல வெளிச்சத்தில் நாலைந்து போட்டோ எடுத்து வையுங்கள். வேலை பாதியில் கைமீறி இன்சூரன்ஸ் பக்கம் போக நேர்ந்தால், அடி பட்டபோது எப்படி இருந்தது என்று சர்வேயர் கேட்பார்.